தறிச் சத்தத்தை ஆம்ப் வெல்லாது

நல்ல இயர்போன் வாங்கினால் மட்டும் போதாது, கூடவே சத்தத்தைப் பெருக்கும் ஒரு ஆம்ப்பும் இருந்தால்தான் பாட்டு பாட்டாகக் கேட்கும் என்ற நம்பிக்கை ஊருக்கு ஊர் வேர்விட்டிருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பண்டிகைக்கு வரும்போது சட்டைப்பையில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றோடு வந்து இறங்குகிறார்கள். யூடியூபில் அதைப் பற்றித் தமிழிலேயே அரைமணி நேரம் பேசுகிறார்கள். போன் கடையில் இயர்போன் கேட்டால், "போன்ல நேரா போட்டா இதோட அருமை தெரியாது தம்பி" என்று அடுத்த பெட்டியை எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். களம்பூரில், ஆரணிப் பட்டு நெய்யும் வீட்டுப் பையன்களும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: "ணா, முதல்ல எந்த ஆம்ப் வாங்கலாம்?" எந்த ஆம்ப் என்பதில்தான் அவர்களுக்குச் சந்தேகம். ஆம்ப் வேண்டுமா என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

நான் அந்தக் கேள்வியை எழுப்புகிறேன். போனில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தனி ஆம்ப் வேண்டியதில்லை. தறி வீட்டிலும் விசைத்தறிக் கூடத்திலும் அரிசி ஆலையிலும் வேலை செய்துகொண்டே கேட்பவர்களுக்கு அது வீண்செலவு என்பதோடு நிற்காமல் காதுக்கே கேடாகவும் முடியும். 

மறுப்பதற்கு முன் அவர்கள் தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். போனுக்குள் இருக்கும் ஒலிச் சில்லு நகத்தளவுகூட இராது. பேட்டரியைச் சேமிப்பதுதான் அதற்குத் தரப்பட்ட முதல் வேலை. ஆகவே சில மில்லிவாட்டுக்கு மேல் அதனால் தர முடியாது. தனி ஆம்ப் 200, 300, ஏன் 500 மில்லிவாட் வரைக்கும் தரும். சக்தி கூடினால் இயர்போனின் சவ்வு பிடிமானத்தோடு அசையும், பேஸ் இறுகும், குரல் தெளியும், வாத்தியங்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குப் பெரிய ஹெட்போன் வாங்கும்போது ஆம்ப் கைகொடுக்கும். இவ்வளவையும் சொல்பவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. தங்கள் காதால் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். காதால் கேட்டது ஏன் சாட்சியாகாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

இயர்போன் பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று ஓம் கணக்கில் வரும் மின்தடை. மற்றது டெசிபல் கணக்கில் வரும் உணர்திறன், அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது. சாதாரண இயர்போன் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 16 ஓம், 105 டெசிபல். ஒரு மில்லிவாட்டுக்கே 105 டெசிபல். அந்த ஒரு மில்லிவாட்டைப் பெற இந்த இயர்போனுக்குத் தேவை 0.13 வோல்ட்டுக்கும் குறைவு. 3.5 மில்லிமீட்டர் துளை உள்ள சாதாரண போன் அரை வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வோல்ட்டை அதனாலேயே பெருக்கிக் காலாக்கி, 16-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15.6 மில்லிவாட் வருகிறது. டெசிபல் பெருக்கல் கணக்கில் ஏறுவது: சக்தி இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்கானால் 10, நூறு மடங்கானால் 20. 15.6 மடங்குக்கு 12 டெசிபல். ஆக, வெறும் போனே அந்த இயர்போனை 117 டெசிபல் வரை கத்த வைக்கும். 120-ஐத் தாண்டினால் காது வலிக்க ஆரம்பிக்கும்.

இப்போது 500 மில்லிவாட் ஆம்ப்பை மாட்டுவோம். கணக்குப்படி 132 டெசிபல். எந்த மனிதனும் அதைக் கேட்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது. அமைதியான அறையில் நாம் பாட்டுக் கேட்பது 70 முதல் 80 டெசிபலில். 80 டெசிபலுக்கு இந்த இயர்போன் வாங்கும் சக்தி ஒரு மில்லிவாட்டில் முந்நூறில் ஒரு பங்கு. மிருதங்கத்தின் ஒரு திடீர் அடிக்காக மேலே இன்னும் 20 டெசிபல் இடம் விட்டாலும், ஒரு மில்லிவாட்டில் மூன்றில் ஒரு பங்கோடு வேலை முடிந்துவிடுகிறது. மீதி 499 மில்லிவாட்டும் பெட்டியின்மேல் அச்சடித்த எண்ணாகவே கிடக்கும். இருப்பில் உள்ள சக்தி, எடுத்துக்கொள்ளாத சக்தி, சவ்வைப் பிடித்து ஆட்டாது. பேஸை இறுக்காது. குரலைத் தெளிய வைக்காது. ஓமின் விதி எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது, அதனால்தான் இவ்வளவு உறுதியாக நிற்கிறது. இரண்டு பென்சில் செல்லில் ஓடும் வாக்மேனுக்கு மொத்த மின்னழுத்தமே 3 வோல்ட். அதற்குள் பஞ்சு வைத்த சின்ன ஹெட்போனை ஓட்டலாம். ஸ்டுடியோவில் மாட்டும் பெரிய ஹெட்போனை ஓட்டுவது சிரமம். சென்ஹைசரின் எச்டி 600 சந்தைக்கு வந்தது 1997-ல். அதன் மின்தடை 300 ஓம். மின்தடை கூடக் கூட, அதே சத்தத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் என்ற ஊரில் டைல் ஹெர்ட்சன்ஸ் தொடங்கிய ஹெட்ரூம் நிறுவனம் இதற்காகவே 1990-களில் கையில் எடுத்துப்போகும் ஆம்ப் விற்றது. அதே பத்தாண்டின் கடைசியில் சூ மொய் என்பவர் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் எளிய சுற்று ஒன்றை எல்லோரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் அதை அடைத்து உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சொந்தக் கையால் ஆம்ப் செய்துகொண்டார்கள். இரண்டு செல்லுக்குப் பதில் 9 வோல்ட். அந்த வித்தியாசத்தைக் காது உடனே உணர்ந்தது. அது நிஜமான தேவைக்கு நிஜமான மருந்து.

2011-ல் தன் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர், என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில், ஓ2 என்ற ஆம்ப்பின் வரைபடத்தையும் அளவீடுகளையும் இலவசமாகப் பொதுவில் வைத்தார். அவருடைய வாதத்தை இன்றைக்கு ஆம்ப் விற்பவர்கள் மறந்துவிட்டார்கள். நல்ல ஆம்ப் என்றால் இரைச்சல் இருக்கக் கூடாது, வெளியீட்டு மின்தடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஹெட்போனுக்குத் தேவையான வோல்ட் வர வேண்டும். இவை நிறைவேறிய பிறகு அதற்குமேல் செலவழிப்பதால் ஒலித்தரத்தில் ஒன்றும் கூடிவிடாது என்பதை அவர் அளந்து காட்டினார். அடுத்த ஆண்டே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அளவீடுகள் நிற்கின்றன.

இதற்கிடையே நிலைமை தலைகீழாக மாறியது. 2007-ல் சீனாவின் குவாங்சோ நகரில் தொடங்கிய ஃபியோ போன்ற நிறுவனங்கள் ஆம்ப்பை மலிவாக்கின. 2016-ல் ஐபோன் 7-லிருந்து ஆப்பிள் ஹெட்போன் துளையை எடுத்துவிட்டது. மற்ற போன்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. துளைக்குப் பதிலாக வந்த ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிளைப் பாருங்கள். சுண்டுவிரல் நீள வெள்ளை வயர். அதன் முனைக்குள் டிஜிட்டலை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் சில்லும் இருக்கிறது, ஆம்ப்பும் இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்கான வகை முழு 1 வோல்ட் தருகிறது. அதன் வெளியீட்டு மின்தடை ஒரு ஓமுக்குப் பக்கத்தில். சென்ஹைசர் எச்டி 650-க்கு நிறுவனமே தரும் கணக்கு 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். பத்தாண்டுகள் தனி ஆம்ப் கேட்டுக்கொண்டிருந்த அதே 300 ஓம் குடும்பத்து ஹெட்போனை, அமைதியான அறையில் கேட்கும் அளவுக்கு, இந்த வயரே ஓட்டிவிடுகிறது. துளை இல்லாத போனோடு டாங்கிள் வாங்கியவர் தன் முதல் ஆம்ப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டார். கடைக்காரர் அவருக்கு விற்கப் பார்ப்பது இரண்டாவது. ஒரு எச்சரிக்கை: ஆப்பிள் டாங்கிள் சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் மிகக் குறைவாகத் தரும். ஆண்ட்ராய்டுக்காரர்கள் வேறு டாங்கிள் வாங்குவது நல்லது; மலிவாகவே நல்லவை கிடைக்கின்றன.

"கணக்கெல்லாம் சரி, நான் மாட்டிக் கேட்டேன், வித்தியாசம் தெரிந்தது" என்பார்கள். தெரிந்திருக்கும். ஆம்ப்பை மாட்டியதும் சத்தம் கூடியிருக்கும். அதுதான் தெரிந்த வித்தியாசம். சத்தம் கூடும்போது காது பேஸை அதிகமாக உணரும் என்பதை பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வெளியிட்டுவிட்டார்கள். தாழ்ந்த சத்தத்தில் காணாமல் போகும் பேஸ் கிட்டார், கொஞ்சம் ஏற்றினால் எழுந்து வரும். இசை மாறவில்லை, அந்த பேஸ் கருவி மாறியதால் வரவும் இல்லை. காது அப்படி அமைந்திருக்கிறது. அரை டெசிபல், அதற்கும் குறைவான ஏற்றத்தைக்கூட நாம் "சத்தம் கூடிவிட்டது" என்று உணர மாட்டோம்; "நன்றாக இருக்கிறது" என்றுதான் உணர்வோம். ஆம்ப் விற்பனையின் பாதி இந்த அரை டெசிபலில் நடக்கிறது.

1987 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரெவ்யூ இதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. சில நூறு டாலர் ரிசீவரிலிருந்து பல்லாயிரம் டாலர் வால்வு ஆம்ப் வரை வரிசையாக வைத்தார்கள். சத்தத்தைச் சமப்படுத்தினார்கள். எது ஓடுகிறது என்பதைச் சொல்லாமல், ஆம்ப் ரசிகர்களையும் நம்பாதவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்க வைத்தார்கள். சரியாகச் சொன்ன விடைகள் காசு சுண்டிப்போட்டால் வரும் அளவில்தான் இருந்தன. வித்தியாசம் உண்டு என்று சத்தியம் செய்தவர்களுக்கும் அதே கதி. அது வீட்டு ஸ்பீக்கர் ஆம்ப்பில் நடந்த சோதனை என்பது உண்மைதான். ஆனால் பாடம் கையடக்க ஆம்ப்புக்கும் பொருந்தும்: சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்த எந்த ஒப்பீடும் ஒப்பீடாகாது.

இதைக் களம்பூரிலேயே செய்யலாம். எந்த எலக்ட்ரீஷியனிடமும் மல்டிமீட்டர் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியைப் போனில் ஓடவிட்டு, இயர்போன் செருகியிருக்கும் நிலையிலேயே முனையில் மாறுமின்னழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். ஆம்ப் வழியாகவும் அதே அளவுக்குக் குமிழைத் திருப்பி வையுங்கள். பிறகு ஒரு நண்பரை உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து, அவர் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிச் செருகச் சொல்லுங்கள். எது ஆம்ப் என்று பதினைந்து இருபது முறை தொடர்ந்து சரியாகச் சொல்லிவிட்டால் தாராளமாக வாங்கலாம்; உங்களுக்கு நிஜமாகவே தேவை இருக்கிறது.

இனி தறிக்கு வருகிறேன். இந்த ஊருக்கு ஆம்ப் விவகாரம் வேறெந்த ஊரையும்விட முக்கியமாவது இங்கேதான்.

பட்டுத்தறியில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பையனைப் பக்கத்திலிருந்து பாருங்கள். குழிக்குள் கால். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. மிதியை அழுத்தியதும் மேலே அட்டை ஒன்று திரும்பி "சட்" என்று விழும், கம்பிகள் பாவு நூலைத் தூக்கும். நாடாவை ஓட்டும் கயிற்றை இழுத்ததும் நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பாய்ந்து மோதும். அச்சுப் பலகையை இழுத்து அடித்தால் இன்னொரு அடி. இது நாள் முழுக்க. அந்தப் பையன் போனைத் தறிமரத்தில் ஒரு துணிப்பையில் தொங்கவிட்டிருக்கிறான். இயர்போன் வயரைக் கழுத்துக்குப் பின்னால் விட்டுச் சட்டைக் காலருக்குள் செருகியிருக்கிறான். முன்பக்கம் விட்டால் கை வீச்சில் மாட்டிக்கொள்ளும். வயர் துணியில் உரசும் ஒவ்வொரு தடவையும் காதுக்குள் "தொப்" என்கிறது. வயர் இல்லாத பட்ஸ் ஏன் மாட்டவில்லை என்றால், சார்ஜ் அரைநாள்கூட நிற்பதில்லை, வியர்வையில் நழுவிப் பாவுக்குள் விழுந்துவிட்டால் இழை அறுந்து போகும் என்கிறான். நியாயமான காரணங்கள். வயர் இயர்போன் இன்றைக்கும் வாழ்வது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அவனுக்குப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. போனில் சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றிவிட்டான். இன்னும் போதவில்லை. இங்கேதான் எல்லோரும் ஆம்ப்பைக் கையில் கொடுக்கிறார்கள். போனில் சத்தம் தீர்ந்துவிட்டதா, இன்னும் சத்தம் வாங்கு என்கிறார்கள். அவனுடைய குறை சத்தக் குறைவே இல்லை. தறியின் ஓசை அவன் காதுக்குள் நுழைந்து பாட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. போனோடு வந்த, காது மடலில் சும்மா தொங்கும் பிளாஸ்டிக் இயர்போன் வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை. பேஸையும் வெளியே கசிய விடுகிறது. அவன் பாட்டை ஏற்ற ஏற்ற, காதுக்குள் பாட்டும் தறியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன.

இப்போது டெசிபல் கணக்கை மறுபடி எடுங்கள். காதுக்குழாயை நன்றாக அடைக்கும் ஃபோம் முனை, சரியான அளவில் மாட்டினால், நடு, உச்ச ஒலிகளில் 20 டெசிபலுக்கு மேல் வெளிச்சத்தத்தைத் தடுக்கும். எட்டிமோடிக் நிறுவனம் 1991-ல் கொண்டுவந்த ஈஆர்4 இந்த ஒரு கொள்கைமேல் கட்டப்பட்டது. 35 டெசிபல் அளவுக்குத் தடுக்கும் என்று சொல்லி விற்றார்கள். இருபதையே எடுத்துக்கொள்வோம். வெளிச்சத்தத்தை 20 டெசிபல் குறைப்பதும் பாட்டை 20 டெசிபல் ஏற்றுவதும், பாட்டுக்கும் தறிக்கும் உள்ள இடைவெளியில் ஒரே பலனைத் தரும். 20 டெசிபல் ஏற்றச் சக்தி நூறு மடங்கு வேண்டும். சில நூறு ரூபாய் ஃபோம் முனை, நூறு மடங்கு பெரிய ஆம்ப் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. அதைச் செய்யும்போது காதில் விழும் மொத்தச் சத்தத்தையும் குறைக்கிறது. ஆம்ப் அதைக் கூட்டுகிறது. இரண்டில் எதை முதலில் வாங்க வேண்டும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

காதுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது தொழிற்பாதுகாப்பில் பரவலாக ஏற்ற வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்குக் கால்மணி நேரம். பாட்டுக் கேட்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் கறாராக, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது. உலகில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் இப்படிக் கேட்டே காதைப் பறிகொடுக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று அதே நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கைத்தறியைவிட நாடா ஓடும் விசைத்தறிக் கூடம் பல மடங்கு கொடுமையானது. அங்கே சத்தம் 90-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அரிசி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர் இது. ஊதுவிசிறிப் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் நான் சொல்வது புரியும். இந்த இடத்தில் பாட்டைத் தறிக்கு மேலே கேட்க வேண்டுமென்றால், அடைப்பில்லாத இயர்போனில் 95, 100 என்றுதான் போக வேண்டியிருக்கும். ஆம்ப் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. போனின் பலவீனம் இதுவரை ஓரளவுக்குக் காவலாக இருந்தது. அந்தக் காவலையும் காசு கொடுத்து நீக்கிக்கொள்கிறோம். உட்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலில் கெடும் காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை. பேச்சில் ச, ஸ, ஷ மங்கும். ஆட்கள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது புரியவில்லை என்று சொல்லும் வயதான நெசவாளிகள் எத்தனை பேர்!

காதை அடைத்துக்கொண்டு நெய்ய முடியுமா என்று கேட்பார்கள். இது மற்றக் கேள்விகளைப் போலத் தட்டிக்கழிக்கக் கூடியது அல்ல. நெசவாளி தறியைக் காதாலும் நெய்கிறார். நாடா முழுசாகப் போய்ச் சேராமல் பாதியில் நின்றால் சத்தம் மாறும். ஜக்கார்டு கம்பி ஒன்று தூக்கத் தவறினால் பழகிய காதுக்குத் தெரியும். வீட்டில் குழந்தை அழுதாலும் தெரிய வேண்டும். ஆகவே கைத்தறியில் முழு அடைப்பு எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராதவர்கள் அடைக்காத இயர்போனில் தாழ்ந்த சத்தத்தில் கேட்கட்டும், அல்லது பழையபடி தறிமேடையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொள்ளட்டும். தறி வீடுகளில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்ததை மறந்துவிட முடியுமா? பாட்டின் நுணுக்கம் வேண்டுமென்றால் தறி ஓய்ந்த பிறகு, இரவில், நிதானமாகக் கேட்கட்டும். இவற்றில் எந்த வழியிலும் ஆம்ப்புக்கு வேலை இல்லை. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு ஆம்ப்பை ஏற்றுவது இருப்பதிலேயே மோசமான வழி. மறுகாதில் தறி மோத மோத, மாட்டிய காதில் சத்தம் தானாக ஏறிவிடும்.

இரைச்சலை அழிக்கும் இயர்பட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பேருந்து எஞ்சினைப் போல, மின்விசிறியைப் போல ஒரே சீராக ஓடும் தாழ்ந்த ஒலியை அது நன்றாக அழிக்கும். நாடா மோதும் அடியைப் போலப் பட்டென்று வந்து பட்டென்று மறையும் ஒலியில் அது தடுமாறும். அரிசி ஆலைக்காரருக்கு அது ஓரளவு உதவலாம்; தறிக்காரருக்கு ஃபோம் முனையே மேல்.

அப்படியானால் ஆம்ப் யாருக்கும் வேண்டாமா என்றால், சிலருக்கு வேண்டும். ஹைஃபைமேனின் எச்இ-6 ஹெட்போன் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். அதில் 110 டெசிபல் உச்சம் வேண்டுமென்றால் 450 மில்லிவாட் பக்கம் போக வேண்டும். போனோ டாங்கிளோ அதைத் தொடவே முடியாது. 250 ஓம் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவை அரை வோல்ட் போனில் மாட்டினால் 96 டெசிபலோடு நின்றுவிடும். கச்சேரிப் பதிவுகளில் உச்சங்கள் நசுங்கலாம். அதே மாடல் 32 ஓமிலும் வருகிறது. போனுக்கு வாங்குபவர் அதை வாங்கினால் பிரச்சினையே எழாது. கணினித் துளையில் கிர்ரென்று இரைச்சல் வருகிறவர்களுக்கும் வெளிக்கருவி உதவும், அதற்கும் யூஎஸ்பி டாங்கிள் போதும்.

இன்னொரு நிஜக் காரணமும் உண்டு. ஆம்ப் விற்பவர்கள் அதைச் சொல்வதே இல்லை. ஒரு காதுக்குள் நாலைந்து சிறு ஸ்பீக்கர்களை அடக்கிய விலை உயர்ந்த இயர்போன்களின் மின்தடை ஒலிக்கு ஒலி ஏறி இறங்கும். அவற்றை 10, 20 ஓம் வெளியீட்டு மின்தடை உள்ள கருவியில் மாட்டினால் ஒலியின் நிறமே மாறிப்போகும். வெளியீட்டு மின்தடை இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 16 ஓமுக்கு 2 ஓம். இங்கே கேட்க வேண்டியது "எத்தனை மில்லிவாட்?" என்பதே அல்ல. 500 மில்லிவாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பெட்டியில் வெளியீட்டு மின்தடையைத் தேடிப் பாருங்கள். பல பெட்டிகளில் இருக்காது. சக்தி வாய்ந்த ஆம்ப்பில் இப்படிப்பட்ட உணர்திறன் மிக்க இயர்போனை மாட்டினால், பாட்டு இல்லாத இடத்தில் "ஸ்..." என்ற இரைச்சல் வேறு கேட்கும். போனின் 3.5 துளையிலிருந்து வயர் போட்டுத் தனி ஆம்ப்பில் செருகுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: போனுக்குள் இருக்கும் ஆம்ப் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதில் குறை இருந்தால் அந்தக் குறையையும் சேர்த்தே பெரிதாக்குகிறீர்கள்.

பணம் எங்கே போக வேண்டும்? சேலைக்குச் சேலை கூலி வாங்கும் வீட்டில், ஆம்ப்புக்குக் கொடுக்கப் பார்க்கும் ஐயாயிரம் ரூபாய் சும்மா வருவதில்லை. ஜரிகை பிடித்துக் கண் எரிந்து வருகிறது. அந்தப் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் இன்று கிடைக்கும் நல்ல சீன இயர்போன்களில் ஒன்றும், இரண்டு மூன்று அளவில் ஃபோம் முனைகளும் வாங்கலாம். விலை கூடினால் தரம் கூடும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம்: 2017-ல் ஒலியியல் ஆய்வாளர் யெரூன் பிரீபார்ட் 283 ஹெட்போன்களை எடுத்துப் பார்த்தார், விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும் தொடர்பே தெரியவில்லை. பேஸ் கொஞ்சம் கூட வேண்டும், உச்சம் கொஞ்சம் குறைய வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலி இலவசமாகவே அதைச் செய்யும். யாக்கோ பசானன் என்பவர் பொதுவில் தந்த ஆட்டோஇக்யூ திருத்தங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. இயர்போன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். "பேஸ் பூஸ்ட்" பொத்தானுக்காக ஆம்ப் வாங்குகிறவர் போனில் சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

கடைசியாக நாளைக்கு உதவும் என்ற வாதம். இன்னும் இரண்டு வருடத்தில் பெரிய ஹெட்போன் வாங்குவேன், அதற்கு இப்போதே ஆம்ப் வாங்கி வைக்கிறேன் என்கிறார்கள். கையடக்க ஆம்ப்புக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. பயன்படுத்தினாலும் தேயும், மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தாலும் தேயும். சார்ஜ் இறங்கிக் கிடந்தால் சில சமயம் உப்பிவிடும். பலவற்றில் அதை மாற்றித் தரவும் ஆள் இல்லை. இரண்டு வருடத்தில் இதே விலைக்கு இதைவிடச் சுத்தமான டாங்கிள் வந்திருக்கும். போன பத்து வருடமும் அப்படித்தான் நடந்தது. அந்த ஹெட்போனுக்கு எத்தனை ஓம், எத்தனை டெசிபல் என்பதே இன்றைக்கு அவருக்குத் தெரியாது. அது வீட்டுக்கு வரட்டும். முதலில் போனில் மாட்டிக் கேட்கட்டும். அமைதியான அறையில் சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றியும் வீணையின் மீட்டு மெலிந்தே கேட்டால், அந்த இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆரணிக்கோ வேலூருக்கோ பஸ் ஏறட்டும்.